நொதித்த தவிடும் இறைச்சித் தாராவும்: ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த சிறு குறிப்பொன்று, அரிசி ஆலைத் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மரவள்ளித் தோல் போன்றவற்றை நொதிக்க வைத்துத் தாராக்களுக்குக் கொடுத்தால் கடைத் தீனை முற்றாக நிறுத்திவிடலாம் என்றும், பழுதடைந்த கழிவுகளைக்கூட நொதித்தல் நல்ல தீனாக மாற்றிவிடும் என்றும் கூறியிருந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையில் இறைச்சிக்காகத் தாரா வளர்த்து, 2022 ஆம் ஆண்டிலிருந்து நொதித்த தீனையும் பயன்படுத்தி வருபவள் என்ற வகையில், அந்தக் குறிப்பின் முதற்பகுதியில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதையும், இரண்டாம் பகுதி ஆபத்தானது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். சிறிது விரிவாக எழுத வேண்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். நான் இந்த முறைக்கு வந்த முதல் ஆண்டில், அடைக்கோழிகளின் கீழ் 28 நாள் முட்டை வைத்துப் பொரித்தெடுத்த அறுபது தாராக் குஞ்சுகள் என்னிடம் இருந்தன. அவற்றுக்கு இரண்டு வாரம்கூட நிரம்பவில்லை. வழக்கமாகத் தீன் வாங்கும் கடையில், மழையில் நனைந்து ஓரங்களில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்த தேங்காய்ப் பிண்ணாக்கு மூடை ஒன்றை விலை குறைத்துக் கொடுத்தார்கள். புளிக்க வைத்தால் பூஞ்சணத்தின் கெடுதி போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்ததை நம்பி, பூஞ்சணம் தெரிந்த கட்டிகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிகுதியைத் தவிட்டுடன் சேர்த்து ஐந்து நாள் பரலில் மூடி வைத்தேன். திறந்தபோது தயிரைப் போன்ற நல்ல புளிப்பு மணமே வந்தது. குஞ்சுகளும் விரும்பித் தின்றன. சில நாட்களில் அவற்றின் தீன் நாட்டம் குறைந்தது. பின்னர் கால்கள் தள்ளாடின. கழுத்தைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு வாரத்துக்குள் நாற்பத்தொரு குஞ்சுகளை இழந்தேன். இறந்தவற்றைக் கொண்டுசென்று காட்டியபோது, கால்நடை வைத்தியர் வயிற்றைத் திறந்து வெளிறிப்போயிருந்த ஈரலைக் காட்டி, இது பூஞ்சண நஞ்சாகவே இருக்க வேண்டும் என்றார். அந்தக் குஞ்சுகளை நினைக்கும் போதெல்லாம், இதை முன்னரே எவராவது தமிழில் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் கேட்கிறது.

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடொக்சின். அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் கச்சான், கொப்பரை, பிண்ணாக்கு, சோளம் ஆகியவற்றில் வளர்ந்து இதனை உண்டாக்குகிறது. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட பிரேசில் நாட்டுக் கச்சான் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அதே தீனைத் தின்ற தாராக் குஞ்சுகளும் அப்போது இறந்தன. வளர்ப்புப் பறவைகளில் தாராக் குஞ்சுகளே இந்நஞ்சினால் மிக எளிதாகத் தாக்கப்படுபவை என்பது அதன் பின்னர் தெளிவாகி, தீனில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிப்பதற்கே ஆய்வுகூடங்களில் தாராக் குஞ்சுகளைப் பயன்படுத்தும் அளவுக்கு அது உறுதிப்பட்டது. கோழி தாங்கிக்கொள்ளும் பிண்ணாக்கைத் தாராக் குஞ்சு தாங்காது என்பதை நம்மிடையே கோழியும் தாராவும் சேர்த்து வளர்ப்பவர்கள் பலர் அறியமாட்டார்கள்.

நொதித்தல் இந்த நஞ்சை நீக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. புளிப்பு பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கலாம். ஆனால் பூஞ்சணம் ஏற்கெனவே உமிழ்ந்துவிட்ட நஞ்சு புளிப்பாலும் அழியாது, சமையல் சூட்டாலும் அழியாது. சில பற்றீரியாக்கள் அந்த நஞ்சின் ஒரு பகுதியைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றன என்று ஆய்வுகூடங்களில் காட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆயினும், வீட்டுப் பரலில் ஒரு சிரட்டைத் தயிரை உறையாக ஊற்றிச் செய்யும் நொதித்தலில் அதை நம்பிக் குஞ்சுகளின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. பூஞ்சணம் பிடித்த மூடையில் கண்ணுக்குத் தெரியும் கட்டியை எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் பயனற்றது. ஏனெனில், நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நொதித்த தீனைக் கைவிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. நான் கைவிடவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து சோள விளைச்சல் விழுந்ததும், 2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் தீன் மூலப்பொருட்கள் வராமல் போனதும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலைக்கு நாடு வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் கோழிக்கூடுகள் பல வெறுமையாகக் கிடந்தபோது, தாராக்களைக் காப்பாற்றியவர்கள் தவிட்டையும் குறுணலையும் கொண்டுதான் காப்பாற்றினார்கள். ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை அரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டங்கள் நம்முடையவை. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமியும், எட்டு முதல் பத்துக் கிலோ வரை தவிடும் வருகின்றன. பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் அந்தத் தவிடு தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது; மழைக்காலம் தொடங்கும்போது அதே தவிட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நொதித்தல் உண்மையாகவே உதவுகிறது. தவிட்டில் பன்னிரண்டு முதல் பதினெட்டு வீதம் வரை எண்ணெய் இருக்கிறது. நெல் குற்றப்பட்ட அந்தக் கணத்திலிருந்தே, தவிட்டுக்குள் இருக்கும் லிப்பேஸ் என்னும் நொதியம் அந்த எண்ணெயைப் பிரிக்கத் தொடங்குகிறது. பச்சை அரிசித் தவிடு சில நாட்களிலேயே காறல் மணம் கொள்வதற்கு இதுவே காரணம். நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது அந்த வெப்பத்தில் நொதியம் செயலிழந்துவிடுவதால், அவித்த நெல்லின் தவிடு கூடிய காலம் தாங்குகிறது. ஆலையில் தவிடு வாங்குபவர்கள் இது எந்த நெல்லின் தவிடு, எப்போது குற்றியது என்ற இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேட்க வேண்டும். புதிதாக வாங்கிய தவிட்டை உடனே ஈரப்படுத்தி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால், இலற்றிக் அமில பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றிவிடுகின்றன; அந்தப் புளிப்பில் தவிடு கெடுவது வெகுவாகக் குறைகிறது. இவ்வாறு மூடிய பரலை ஒரு மாதம் கழித்துத் திறந்தும் நல்ல நிலையில் எடுத்திருக்கிறேன். காறிப்போன தவிட்டை நொதிக்க வைத்தாலோ, காறல் அப்படியே இருக்கும். தாரா முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும். கட்டாயப்படுத்திக் கொடுத்தாலும், காறிய எண்ணெய் தீனிலுள்ள விற்றமின் ஈயை அழித்துவிடுவதால் தசைகள் தளர்ந்து நடை கெடும்.

நொதித்தலால் வரும் வேறு நன்மைகளும் உண்டு. தவிட்டிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் வடிவில் கட்டுண்டு கிடப்பதால் பறவைகளால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை; நுண்ணுயிர்கள் அந்தக் கட்டின் ஒரு பகுதியை அவிழ்த்துவிடுகின்றன. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். என்னும் அளவு நான்கரைக்கோ அதற்குக் கீழோ வரும்போது சல்மொனெல்லா போன்ற குடல் நோய்க் கிருமிகள் தீனில் பெருக முடியாமல் போகின்றன. தாரா உலர்ந்த தூளை விழுங்கத் திணறும் பறவை; ஈரமான, பிடிக்குள் நிற்கும் பதத்திலுள்ள தீன் அதன் அலகுக்கு மிகவும் ஏற்றது; சிந்திச் சேதமாவதும் குறைவு. மட்டக்களப்புத் தயிருக்குப் பெயர் போன நமக்கு உறை ஊற்றுவதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சட்டியில் பால் உறைவதும் பரலில் தவிடு புளிப்பதும் ஒரே வகைப் பற்றீரியாக்களின் வேலையே. கள்ளின் மண்டியை உறையாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனாலும் நொதிக்கும், ஆனால் மதுசாரம் உண்டாகும். அத்துடன், காத்தான்குடி, சம்மாந்துறை போன்ற ஊர்களிலிருந்து இறைச்சி வாங்க வரும் முஸ்லிம் சகோதரர்களுக்கு அது ஒவ்வாது என்பதையும் நாம் மதிக்க வேண்டும். தயிரில் எவருக்கும் ஆட்சேபம் இராது.

நான் செய்யும் முறையை, அதுவே சிறந்தது என்று உரிமை கோராமல், அப்படியே சொல்கிறேன். ஆறு கிலோ தவிடு, இரண்டு கிலோ குறுணல், இரண்டு கிலோ புதிய தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து, ஒரு சிரட்டைத் தயிரையும் ஒரு கைப்பிடி சர்க்கரையையும் கிணற்று நீரில் கரைத்துத் தெளித்துப் பிசைகிறேன். சர்க்கரைக்குப் பதிலாக, கிடைக்கும்போது கரும்பாலைக் கழிவுப் பாகு போதும். அம்பாறையில் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலைக்கு அருகில் இருப்பவர்கள் அதை எளிதாகப் பெறக்கூடும். கலவையைக் கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக்கூடாது. நீர் வடிந்தால் அடியில் அழுகும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால், அதைப் பயன்படுத்துவதாயின் ஓர் இரவு திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். பரலை விளிம்பு வரை அமர்த்தி நிரப்பி, காற்றுப் புகாதவாறு மூடி, நிழலில் வைத்தால், நமது வெயிலுக்கு மூன்று முதல் ஐந்து நாட்களில் தயாராகிவிடும். புளிப்பு மணம் வந்தால் கொடுக்கலாம். அழுகல் மணமோ, நூல் நூலான பூஞ்சணமோ, கறுப்பு, பச்சைப் புள்ளிகளோ தென்பட்டால் முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கும் அவ்வாறு இரண்டு முறை கொட்ட நேர்ந்தது.

இனி, கடைத் தீனை முற்றாக நிறுத்தலாம் என்ற கூற்றுக்கு வருகிறேன். அறுவடை முடிந்த வட்டைகளில் உதிர்நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தேடித் தின்று திரிந்த தாராக்களை நம் தாய்மார் வளர்த்தார்கள்; அவற்றுக்கு மாலையில் ஒரு பிடி தவிடு போதுமாக இருந்தது. கூட்டுக்குள் அடைத்து, குறித்த வாரத்துக்குள் எடை ஏற்றி விற்க வேண்டிய இறைச்சித் தாராவின் நிலை வேறு. நல்ல பராமரிப்பில் ஏழு வாரத்தில் மூன்று கிலோ அளவுக்கு வளரக்கூடிய பீக்கிங் இனத்துக்கு, முதல் இரண்டு வாரம் 22 வீதமும் அதன் பின்னர் 16 வீதமும் புரதம் வேண்டும் என்று தீன் அட்டவணைகள் கூறுகின்றன. தவிட்டில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வீதமே. நொதிக்க வைத்த பின் அளந்து பார்த்தால் புரத வீதம் சற்றுக் கூடியிருப்பது உண்மை. ஆனால் நுண்ணுயிர்கள் மாப்பொருளைத் தின்று தீர்ப்பதால், மிஞ்சியவற்றுக்குள் புரதத்தின் பங்கு கூடித் தெரிவதே அதில் பெரும்பகுதி. பத்துக் கிலோ தவிட்டுக்குள் இருந்த புரதம் நொதித்ததனால் இரட்டிப்பாகிவிடாது. தேங்காய்ப் பிண்ணாக்கில் புரதம் இருந்தாலும், புரதத்தின் இன்றியமையாத கூறுகளில் ஒன்றான லைசீன் குறைவு. ஆகவே சோயாவோ, மீன் தூளோ, நத்தை இறைச்சியோ சேர்ந்துதான் ஆக வேண்டும். கல்முனை, வாழைச்சேனைக் கரைகளில் கிடைக்கும் மீன் தலைகளை உப்பில்லாமல் உலர்த்தி இடித்துச் சேர்க்கலாம். கருவாட்டுக் கழிவு மலிவு என்று அள்ளிப் போட்டால் உப்பு மிகுந்து குஞ்சுகள் மடியும்.

அதேபோல், கோழியைவிடத் தாராவுக்கு நயசின் என்னும் விற்றமின் அதிகம் தேவை. புரொய்லர் கோழித் தீனை மட்டும் நம்பி வளர்க்கப்படும் தாராக் குஞ்சுகளின் முழங்கால் வீங்கிக் கால் வளைவதற்கு இக்குறைபாடே பெரும்பாலும் காரணமாகிறது. தவிட்டில் நயசின் உண்டு என்றாலும், அதில் பெரும்பகுதி பறவைக்குக் கிட்டாதவாறு கட்டுண்டது. நான் வாரத்தில் சில நாட்கள் ஈஸ்ற்றைச் சேர்த்துக்கொடுக்கிறேன்.

இத்தனையையும் கருத்திற்கொண்டு, மூன்று வாரம் நிரம்பாத குஞ்சுகளுக்கு நான் நொதித்த தீனைக் கொடுப்பதே இல்லை. அதன் பின்னர் உலர் எடைக் கணக்கில் பத்தில் ஒரு பங்காகத் தொடங்கி, எச்சத்தையும் எடையையும் கவனித்து, கால் பங்கு வரை ஏற்றுகிறேன். அதற்கு மேல் ஏற்றிய இருமுறையும் எடை குறைந்ததையே கண்டேன். உலர் எடைக் கணக்கு என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பாதி நீராக உள்ள நொதித்த தீனை இருநூறு கிராம் நிறுத்து வைத்தால், தாராவின் வயிற்றுக்குள் போவது நூறு கிராம் தீன் மட்டுமே. நொதித்த தீன் கொடுத்தும் தாரா இளைக்கிறது என்று என்னிடம் முறையிட்ட அயலவர் சிலரின் கூடுகளில் நான் கண்டது இந்தக் கணக்குப் பிழையைத்தான்.

மரவள்ளித் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழங்கின் சதையைவிடத் தோலில் சயனைட்டை விடுவிக்கும் பொருள் அதிகம். தோலை நன்றாக நறுக்கி இடித்து நொதிக்க வைத்து, பின் வெயிலில் காயவைத்தால் அந்த நஞ்சு பெருமளவு வெளியேறும். நறுக்காமல் மூடி வைத்த தோல் பாதுகாப்பானதன்று. மாட்டுக்கு வைக்கோலில் யூரியா தெளித்துக் கொடுத்துப் பழகியவர்கள், தாராத் தீனின் புரதத்தைக் கூட்டலாம் என்று எண்ணி அதையே பரலிலும் கலக்கிறார்கள். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். தாராவுக்கு அத்தகைய இரைப்பை இல்லை. அதற்கு யூரியா நஞ்சே. தொட்டியில் மிஞ்சிய ஈரத்தீனை மறுநாளுக்கு விட்டுவைப்பதும், அது தேங்கிய நீரில் விழுந்து அழுகுவதும் பொட்டுலிசம் என்னும் நோய்க்கு வழி செய்யும். கழுத்துத் துவண்டு தாராக்கள் சாவதை வெப்பகாலக் குட்டைகளின் ஓரத்தில் பலர் கண்டிருப்பார்கள்.

ஆசிரியர் அவர்களே, இவற்றை ஒவ்வொரு வளர்ப்பாளரும் தத்தம் குஞ்சுகளைப் பறிகொடுத்துத்தான் கற்க வேண்டும் என்பது நியாயமன்று. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அலுவலகங்கள் பிரதேசம் தோறும் இருக்கின்றன. நம் ஆலைகளின் தவிட்டையும் நம் கடைகளின் பிண்ணாக்கையும் வைத்து, எந்த வயதில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எளிய தமிழில் எழுதிய ஒரு சிறு கைந்நூல் எங்களுக்குத் தேவை. அதைவிட அவசரமானது, பிண்ணாக்கு மூடையில் அஃப்ளாடொக்சின் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வசதி. ஒரு மூடைக்காக மாதிரியை எடுத்துக்கொண்டு பேராதனையிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போய்வர எந்தச் சிறு வளர்ப்பாளராலும் முடியாது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு ஓர் இடத்திலாவது, மாதத்தில் குறித்த ஒரு நாளிலாவது, மாதிரிகளைப் பெற்றுச் சோதிக்க ஏற்பாடு செய்ய முடியாதா என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்கிறேன்.

ஆலை உரிமையாளர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. அரைத்த உமியைத் தவிட்டுடன் கலந்து விற்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உமி சிலிக்கா நிறைந்தது. நொதிக்க வைத்தாலும் தாராவின் வயிற்றில் அது செரிக்காது. குடலை உரசிக்கொண்டு வெளியேறும். உமி கலந்த தவிட்டைக் குறைந்த விலைக்கு, அவ்வாறே பெயர் சொல்லி விற்றால், மாடு வளர்ப்பவரோ எரிப்பவரோ வாங்கிக்கொள்வார். சுத்தமான தவிடு என்று சொல்லி விற்கும்போதுதான் எங்கள் கணக்கு எல்லாம் பிழையாகிறது. தீன் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த 1986 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், ஆலை வாசலில் நிறுக்கப்படும் தவிட்டு மூடைக்கும் அந்தச் சட்டத்தின் பார்வை எட்ட வேண்டும்.

பெரும்போக அறுவடை தொடங்கி ஆலைகளில் தவிடு குவிய ஆரம்பிப்பதற்கு முன்னர், தங்கள் விவசாயப் பக்கத்தில் அந்தக் குறிப்புக்கான திருத்தத்தை, குறிப்பாகப் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை நொதிக்க வைத்தும் தாராக் குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற ஒரு வரியையாவது, கால்நடை வைத்தியர் ஒருவரின் விளக்கத்துடன் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தாரா வளர்ப்பாளர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.